ஊருக்கு வந்த ஊசி

அரபு மண்ணில் ஆரம்ப சுகாதாரம் – 7

எகிப்தின் பெரும் எழுத்தாளர் தாஹா ஹுசைன் 1889-ல், மேல் எகிப்தின் மின்யா மாகாணத்தில் மகாகா நகரை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிறந்தார். பால்ய வயதில் அவருக்குக் கண் நோவு வந்தது. நைல் கரை ஊர்களில் ஈயும் புழுதியும் சேர்ந்து கொண்டுவரும் அந்த நோவு வராத பிள்ளை அரிது. வீட்டில் சில நாள் அப்படியே விட்டார்கள். பிறகு நாவிதரை அழைத்துக் காட்டினார்கள். அவர் செய்த வைத்தியத்தில் பார்வை போயிற்று. 1950-ல் நாட்டின் கல்வி அமைச்சராக உயர்ந்தவர் தாஹா ஹுசைன். தன் இளமைக் காலத்தைச் சொல்லும் ‘அல்-அய்யாம்’ நூலில் இந்த இழப்பை அவரே பதிவு செய்திருக்கிறார்.

அந்த நாவிதரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைய கிராமத்தில் நோயாளியின் உடலைத் தொடும் உரிமை இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் நாவிதர். கட்டியைக் கீறுவார், பல் பிடுங்குவார், பையன்களுக்குச் சுன்னத் செய்வார், அரசாங்கம் கேட்டால் அம்மையும் குத்துவார். இன்னொருவர் தாயா எனப்படும் ஊர் மருத்துவச்சி. எந்த வீட்டில் யார் சூலி, எந்தப் பெண்ணுக்கு முந்தைய பேறு சிக்கலானது, எந்தக் குழந்தை பால் குடிக்க மறுக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இருவருக்கும் மருத்துவ அறிவு குறைவு. ஊரைப் பற்றிய அறிவு நிறைய. பின்னால் வந்த அரசு மருத்துவரின் நிலை இதற்கு நேர் எதிர். அவர் படித்தவர்; ஆனால் ஊரை அறியாதவர், தங்கவும் மாட்டார். இந்த இரண்டையும் ஓர் ஆளிடத்தில் சேர்க்க எகிப்து எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு. அதற்கு ஊர்கள் கொடுத்த விலையை இந்தப் பகுதியில் பார்க்கலாம்.

தொடக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷாவின் படையில் இருக்கிறது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துவந்து படையில் சேர்த்தவர் அவர். முகாம்களில் நோய் பெருகிச் சிப்பாய்கள் சாகத் தொடங்கியதும் மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். பிரான்சிலிருந்து வந்த குளோட் பே, 1827-ல் அபூ ஸஅபல் என்ற இடத்தில் படை மருத்துவமனையை ஒட்டி மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்களில் பலர் அல்-அஸ்ஹரில் மார்க்கக் கல்வி கற்றவர்கள். ஆசிரியர்கள் சொல்வதை மொழிபெயர்ப்பாளர்கள் வகுப்பிலேயே அரபியாக்கிக் கொடுத்தார்கள். 1837-ல் பள்ளி கெய்ரோவின் கஸ்ர் அல்-அய்னிக்கு மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இதைவிட என்னைக் கவர்வது 1832-ல் தொடங்கிய இன்னொரு பள்ளி. பெரியம்மை குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. வீட்டுக்குள் இருக்கும் தாயிடமும் பெண் குழந்தையிடமும் ஆண் மருத்துவர் நெருங்க முடியாது. அதனால் பெண்களை மருத்துவத்தில் பழக்க முடிவானது. ஆனால் எந்தக் குடும்பமும் தன் மகளை அனுப்ப முன்வரவில்லை. கெய்ரோ அடிமைச் சந்தையில் வாங்கிய சூடானிய, அபிசீனியப் பெண்களை வைத்துத்தான் வகுப்பு தொடங்கியது. ஆதரவற்ற சிறுமிகள் பிறகு வந்து சேர்ந்தார்கள். ‘ஹகீமா’ என்று அழைக்கப்பட்ட இவர்கள் அரபி எழுத்தும் உடற்கூறும் பேறுகால மருத்துவமும் கற்றார்கள். தேறியவர்களுக்குப் படையில் துணை லெப்டினன்ட் தரம் கிடைத்தது. மருத்துவப் பள்ளியில் தேறிய ஆண்களுக்கே அவர்களை மணம் முடித்து, கணவன் மனைவி இருவரையும் ஒரே ஊரில் பணிக்கு அமர்த்தினார்கள். அம்மை குத்துவது, பெண் நோயாளிகளைப் பார்ப்பது, தாயாக்களைக் கண்காணிப்பது, இறந்த பெண்ணின் உடலைப் பரிசோதித்துச் சான்று எழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

சந்தையில் விலைக்கு வாங்கப்பட்ட பெண், சில ஆண்டுகளில் அரசுச் சம்பளமும் பதவியும் பெற்ற மருத்துவராக நின்றாள். இதில் கட்டாயம் இருந்தது, அரசின் கணக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகும் மருத்துவர் ஒருவர் வேண்டும் என்று 1832-லேயே ஓர் அரசு உணர்ந்தது என்பது சிறிய செய்தி அல்ல. ஆங்கிலேயர் 1882-ல் எகிப்தைக் கைப்பற்றிய பின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கு மாறியது. ஹகீமாக்களின் பள்ளி தாதிகளையும் பிரசவம் பார்ப்பவர்களையும் பழக்கும் இடமாகச் சுருங்கிப்போனது. ஊரில் பழையபடி நாவிதரும் தாயாவும் மிஞ்சினார்கள்.

ஆங்கிலேயர் கவனம் பருத்தியில் இருந்தது. அதற்குத் தண்ணீர் ஆண்டு முழுக்க வேண்டும். பழைய முறையில் நைல் வெள்ளம் வருடத்துக்கு ஒருமுறை வயல்களில் ஏறி நின்று, வண்டலை விட்டு வடிந்துபோகும். பிறகு நிலம் காயும். வாய்க்காலும் காயும். நத்தைகளும் சாகும். 1902-ல் அஸ்வானில் முதல் அணை எழுந்தது. கால்வாய்கள் பெருகின. எந்த மாதமும் வாய்க்காலில் நீர் நின்றது, நத்தைகளும் நின்றன. அந்த நத்தைக்குள்தான் பில்ஹார்சியா என்ற நோயின் புழு வளர்கிறது. நீரில் இறங்குகிறவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. சிறுநீர்ப்பையையோ குடலையும் ஈரலையுமோ பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் முட்டையிடுகிறது. நோயாளியின் சிறுநீரோ மலமோ வாய்க்காலில் கலந்தால் மறுபடி நத்தை, மறுபடி மனிதர்.

நோய் புதிதல்ல. மூவாயிரம் ஆண்டுப் பழைய மம்மிகளின் சிறுநீரகத்தில் இதன் முட்டைகளை மார்க் அர்மான் ரூஃபர் 1910-ல் காட்டினார். புழுவைக் கண்டவர் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர். 1851-ல் கஸ்ர் அல்-அய்னியில் பிணப் பரிசோதனை செய்தபோது அது கண்ணில் பட்டது. நத்தைக்கும் புழுவுக்கும் உள்ள உறவை ராபர்ட் லைப்பர் 1915-ல் கெய்ரோவை அடுத்த அல்-மர்ஜ் கிராமத்தில் நிறுவினார். படைவீரர்களைக் காப்பதற்காக பிரிட்டன் அனுப்பிய ஆய்வாளர் அவர். புதிதாக வந்தது பெருக்கம்தான். கழிமுகச் சமவெளியில் பையன்களின் சிறுநீரில் ரத்தம் வருவது வயதுக்கு வரும் அடையாளம் என்று நினைக்கும் அளவுக்கு அது சகஜமாகிவிட்டது. அரபு உலகமே கொண்டாடிய பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ், ஷர்கிய்யா மாகாணக் கிராமத்தில் வாய்க்காலில் விளையாடி வளர்ந்த பிள்ளை. அந்தப் புழு அவருடைய ஈரலைத் தின்றது. 1977 மார்ச் 30 அன்று லண்டனில் இறந்தபோது அவருக்கு வயது 47.

மருந்து ஒன்று 1918-ல் கிடைத்தது. கார்ட்டூமில் பணியாற்றிய கிறிஸ்டோபர்சன், ஆன்டிமனி கலந்த ‘டார்ட்டார் எமெட்டிக்’ உப்பை நரம்பில் ஏற்றினால் புழு சாகும் என்று கண்டு எழுதினார். வாந்தியும் இருமலும் தரும் கடுமையான மருந்து அது. வேகமாக ஏற்றினால் இதயமே நிற்கலாம். ஒரு தடவையில் முடிவதும் அல்ல. வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முதல் பதினாறு ஊசிகள். நத்தையை அழிக்கவும் முயன்றார்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய கிளாட் பார்லோ என்ற அமெரிக்க மருத்துவர், ஆராய்ச்சிக்காக 1944-ல் தன் உடம்பிலேயே புழுவை ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் அவதிப்பட்டார். ஆனாலும் வாய்க்கால்களின் நீளத்துக்கு முன்னால் நத்தைக்கொல்லி மருந்து எம்மாத்திரம்? கழிப்பறை, குடிநீர், வாய்க்காலில் இறங்காமல் செய்யும் வேலை மூன்றும் கேட்டன அந்த ஊர்கள். கிடைத்தது ஊசி.

ஊசியைக் கொண்டுபோக இடம் வேண்டும். கிராமங்களில் சுகாதார மையங்கள் கட்ட 1942-ல் சட்டம் வந்தது. 1952 புரட்சிக்குப் பின் இளம் ராணுவ அதிகாரிகளின் அரசு அதைப் பெரிதாகக் கையில் எடுத்தது. ‘ஒருங்கிணைந்த அலகு’ என்ற பெயரில் மருத்துவமனை, பள்ளி, சமூகப் பணி, வேளாண் உதவி நான்கும் ஒரே வளாகத்தில். சுமார் 15,000 பேருக்கு ஒன்று. திட்டமிட்டதில் ஒரு பகுதிதான் எழுந்தது. அறுபதுகளில் இன்னும் எளிய வடிவத்துக்கு மாறினார்கள்: சின்னக் கட்டடம், ஒரு மருத்துவர், ஒரு தாதி, ஒரு மருந்தறை. எந்த வீட்டிலிருந்தும் நடந்து வந்துவிடும் தூரத்தில் ஒன்று இருக்க வேண்டும் என்பது இலக்கு. வளரும் நாடுகளில் இவ்வளவு நெருக்கமாக ஆரம்ப சுகாதார நிலையங்களை இறைத்த நாடுகள் அன்று மிகக் குறைவு. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். கட்டியவர்களின் நோக்கத்திலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

மருத்துவரை எப்படி அனுப்புவது? ‘தக்லீஃப்’ என்ற கட்டாயப் பணி அதற்கு விடையாக வந்தது. படிப்பு முடித்து வெளியே வரும் இளைஞர் கிராமத்தில் பணியாற்றிவிட்டுத்தான் மேலே போகலாம். அவர் மனம் முழுக்க மேற்படிப்பு. கண் முழுக்க கெய்ரோ. ஊரின் பெயர்களைப் பழகுவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். விதிவிலக்குகள் இருந்தன. ஐம்பதுகளில் தான் பிறந்த கஃப்ர் தஹ்லா கிராமத்தின் சுகாதார நிலையத்தில் பணியாற்றிய நவால் அல்-சஅதாவி, அங்கே பெண்களின் உடம்பில் கண்ட துயரத்தை வாழ்நாள் முழுக்க எழுதித் தீர்த்தார். பெரும்பாலோருக்கு அந்த ஊர் ஒரு தவணை மட்டுமே.

பில்ஹார்சியா ஒழிப்பு இயக்கம் இந்தக் கட்டடங்களின் வழியாகவும் பள்ளிக்கூடங்களின் வழியாகவும் ஓடியது. ஐம்பதுகளில் விரிந்து எண்பதுகளின் தொடக்கம்வரை நீடித்தது. 1964-க்கும் 1982-க்கும் இடையே ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள், சராசரியாக இரண்டரை லட்சம் பேருக்கு. பையன்களும் வயல்வேலை செய்யும் ஆண்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கண்ணாடி சிரிஞ்சு, எஃகு ஊசி. கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும் என்பது விதி. வரிசை நீண்டு, சிரிஞ்சு சில மட்டுமே இருக்கும்போது கொதிக்கும் நேரம் குறையும். சில இடங்களில் ஒருவர் கையிலிருந்து எடுத்த ஊசி, கழுவப்பட்டதோடு அடுத்தவர் நரம்புக்குப் போகும். ஒரே ஆளுக்குப் பத்துப் பதினைந்து முறை இது நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

அந்த வரிசையில் யாரோ ஒருவர் ரத்தத்தில், அப்போது பெயரிடப்படாத ஒரு வைரஸ் இருந்தது. ஹெபடைட்டிஸ் சி என்று அது இனங்காணப்பட்டது 1989-ல்தான். அதனால் அந்தக் காலத்து மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பார்கள். பெரும்பகுதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுதும் அல்ல. சரியாகச் சுத்தம் செய்யாத சிரிஞ்சு வழியாக மஞ்சள் காமாலை தொற்றும் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே மருத்துவ உலகம் அறிந்த செய்தி. பெயர் தெரியாத நோயானாலும் வழி தெரிந்த வழிதான். ஊசி எண்ணிக்கையைத் தலைமையகத்துக்கு அனுப்பும் படிவம் இருந்தது. ஊசி போட்டுக்கொண்ட பையன் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறான் என்று கேட்கும் ஆள் இல்லை. கேட்டிருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்த வைரஸ் இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் ஈரலில் தங்கும், வல்லவரும் ஏமாந்திருப்பார். ஆனால் நோயை மட்டும் தேடிப்போகும் ஏற்பாட்டில், நோய்க்கு வெளியே அந்த மனிதருக்கு என்ன நடந்தாலும் அது யாருடைய பதிவேட்டிலும் ஏறாது. எகிப்தின் சுகாதார நிலையங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தன; குடும்பத்துக்குப் பக்கத்தில் இல்லை.

1978 செப்டம்பரில் அல்மா-அட்டாவில் 134 நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரமே எல்லாருக்கும் நலவாழ்வு தரும் வழி என்று அறிவித்தன. அரபு நாடுகளில் குடும்ப மருத்துவம் தனித் துறையாக முளைத்ததும் அந்தச் சமயத்தில்தான். பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் பஹ்ரைனும் 1979-ல் பயிற்சியைத் தொடங்கின. எகிப்தில் விதை விழுந்த இடம் இஸ்மாயிலிய்யா. இஸ்ரேலுடன் நடந்த 1967 போருக்குப் பின் குண்டுவீச்சில் சிதைந்து, மக்கள் வெளியேறி, 1975-ல் சூயஸ் கால்வாய் மறுபடி திறந்தபோது மெல்ல உயிர்பெற்ற நகரம் அது. சூயஸ் கால்வாய்ப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1978-ல் உருவாகி, 1981-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முதல்வர் ஸுஹைர் நுஅமான். முதலாண்டு மாணவரையே சுகாதார நிலையத்துக்கும் வீடுகளுக்கும் அனுப்பினார்கள். பிணவறைக்குப் பிறகு நோயாளி என்ற பழைய வரிசையை அவர்கள் கலைத்தார்கள். ஒரு குழந்தைக்கு ஏன் திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு வருகிறது என்ற கேள்வியிலிருந்து குடல், கிருமி, குடிநீர், தாயின் வேலைநேரம் எல்லாவற்றையும் படிக்க வைத்தார்கள். கஸ்ர் அல்-அய்னியின் பெரிய பேராசிரியர்கள் பலருக்கு இது மருத்துவக் கல்வியாகவே தெரியவில்லை. எகிப்தில் குடும்ப மருத்துவத்துக்கு முதல் துறை அங்கேதான் அமைந்தது.

வயிற்றுப்போக்கு என்றதும் எண்பதுகளின் எகிப்தியத் தாய்மார்களுக்கு நடிகை கரீமா முக்தாரின் முகம் நினைவுக்கு வரும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்ச்சத்துக் கரைசலைக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது என்று அவர் தொலைக்காட்சியில் சொல்லிக் கொடுத்தார். குழந்தைச் சாவு வெகுவாகக் குறைந்தது. ஊசியில்லாத, தாயின் கையில் ஒப்படைத்த மருத்துவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருந்தது.

எண்பதுகளில் பிராசிகுவான்டெல் மாத்திரை வந்தது. விழுங்கினால் போதும். பில்ஹார்சியா பின்வாங்கியது. அந்த நேரத்தில்தான் ஈரல் சுருங்கி, வயிறு வீங்கி, ரத்தம் கக்கி வரும் நடுத்தர வயது ஆண்களால் கழிமுக மருத்துவமனைகள் நிறையத் தொடங்கின. பழைய புழுவின் வேலை என்றே முதலில் எண்ணினார்கள். ரத்தப் பரிசோதனை வேறு கதை சொன்னது. 2000-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, எந்தப் பகுதியில் எந்த வயதினருக்கு டார்ட்டார் எமெட்டிக் ஊசி அதிகம் போடப்பட்டதோ அங்கே அந்த வயதினரிடம் ஹெபடைட்டிஸ் சி அதிகம் என்று காட்டியது. மருத்துவத்தின் கையாலேயே ரத்தம் வழி நோய் இந்த அளவுக்குப் பரவியதாக வேறு நிகழ்ச்சி உலகில் அறியப்படவில்லை. பரவியது ஊசியோடு நிற்கவும் இல்லை. ரத்தம் ஏற்றுதல், பல் வைத்தியம், தெருமுனை மருந்துக்கடை ஊசி எல்லாம் அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோயின. 2008-ன் தேசியக் கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுக்குட்பட்டவர்களில் 14.7 விழுக்காட்டினர் ரத்தத்தில் அந்தத் தொற்றின் தடயம் இருந்தது. வயது ஏற ஏற விகிதமும் ஏறியது.

இதற்குப் பிறகு எகிப்து செய்தது, சொல்லிப் பெருமைப்பட வேண்டிய வேலை. 2013-ல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தது. முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை. எகிப்து பேரம் பேசி 2014-ல் அதை 900 டாலருக்கு வாங்கியது. பின்னர் உள்நாட்டு நிறுவனங்களே தயாரித்து விலையை இன்னும் கீழே தள்ளின. 2018 அக்டோபர் முதல் ஏழு மாதங்களில், ‘பத்துக் கோடி நலம்’ என்ற இயக்கத்தின் கீழ் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்தார்கள். விரலில் ஒரு துளி ரத்தம். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசிமுனை குப்பைக்கு. கூடவே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். நோய் இருந்தவர்களுக்கு மருந்து இலவசம். 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எகிப்துக்கு ஒழிப்புப் பாதையின் ‘தங்க நிலை’ சான்று அளித்தது. அதை அடைந்த முதல் நாடு எகிப்துதான். பத்தாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் தொற்று 10 விழுக்காட்டிலிருந்து 0.38-ஆக இறங்கியிருந்தது. அன்று ஊசிவரிசை நின்ற அதே சுகாதார நிலையங்கள் பலவற்றில்தான் இந்தப் பரிசோதனையும் நடந்தது.

ஆனால் இதுவும் ஓர் இயக்கமே. ரத்த அழுத்தம் கூடுதல் என்று சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்ட லட்சக்கணக்கானோர் மறுநாள் யாரிடம் போவது? மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் கேட்பது? அந்த இடத்தில்தான் குடும்ப மருத்துவம் வந்து நிற்க வேண்டும். 1997-ல் தொடங்கிய சுகாதாரச் சீர்திருத்தம் அலெக்சாந்திரியா உள்ளிட்ட சில மாகாணங்களில் அதை முயன்றது: நிலையத்தில் குடும்பத்துக்கு ஒரு கோப்பு, அந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பாக ஒரு மருத்துவர். நிதி கொடுத்த வெளிநாடுகள் விலகியதும் பல இடங்களில் கோப்பு மட்டும் மிஞ்சியது. 2018-ன் இரண்டாம் எண் சட்டம் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு என்று அறிவித்து, அதன் நுழைவாயிலாகக் குடும்ப சுகாதார நிலையத்தை வைத்தது. 2019-ல் போர்ட் சயீதில் குடும்பங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் முதலில் அந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் எழுதியதை நடத்த ஆட்கள் வேண்டும். எகிப்தின் மருத்துவக் கல்லூரிகளில் படித்தவர்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இருப்பவர்களிலும் இதயம், எலும்பு, கண் என்று சிறப்புப் படிப்பை நாடுகிறவர்கள்தான் அதிகம். கிராம நிலையத்தில் பத்தாண்டு தங்கும் குடும்ப மருத்துவருக்கு அந்த மதிப்பும் இல்லை, வருமானமும் இல்லை. கட்டாயப் பணிக்கு வந்த இளைஞரை அவசரப் பயிற்சி கொடுத்து அந்த நாற்காலியில் உட்கார வைப்பது, எனக்குத் தெரிந்தவரை, அறுபதுகளில் செய்த அதே காரியம்.

புதிய காப்பீட்டின் முதல் கட்டத்தில் ஆறு மாகாணங்கள் இடம்பெற்றன: போர்ட் சயீத், இஸ்மாயிலிய்யா, சூயஸ், தென் சினாய், லக்ஸர், அஸ்வான். பெரும்பாலும் மக்கள்தொகை குறைந்தவை. தொடங்குவதற்கு எளியவை என்று அரசு கணக்குப் போட்டது. ஷர்கிய்யா, தக்கஹ்லிய்யா, கர்பிய்யா, மெனூஃபிய்யா, புஹைரா எனக் கழிமுகத்தின் பெரிய வேளாண் மாகாணங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. டார்ட்டார் எமெட்டிக் ஊசிக்கு அதிகம் கைநீட்டிய ஊர்கள் அவைதான். அவற்றின் முறை பிந்தைய கட்டங்களில் வர வேண்டும்.

(தொடரும்)